ஒன்றுபோலத் தெரியும் ஆங்கிலச் சொற்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, சிப்காட் ஆட்கள் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. "இந்த ரெண்டு வார்த்தைக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லா இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்கிறதை விட்டுவிட்டு, நம் பக்கத்தில் நிஜமாகவே இடறுகிற சொற்களாகப் பார்த்து எடுத்தேன்.

அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ஒரே அர்த்தம்தானே போட்டிருக்கிறது?

ஆமாம், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஷேட் என்று தேடினாலும் நிழல், ஷேடோ என்று தேடினாலும் நிழல். மரத்தடி நிழலும் சுவரில் விழுகிற நம் உருவமும் தமிழில் ஒரே சொல்தான், அதனால் நமக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. ஆங்கிலத்தில் வெயிலுக்கு ஒதுங்குகிற இடம் ஷேட், ஒரு பொருளின் வடிவம் அப்படியே தரையில் விழுந்தால் ஷேடோ. பாரதி பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்தால் நீங்கள் இருப்பது ஷேடில். உங்கள் கையும் தலையும் தரையில் தெரிகிறதே, அது ஷேடோ.

அகராதி பொருளைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், அந்தச் சொல் எதுவரைக்கும் செல்லும் என்பதைச் சொல்லாது. அதனால் ஒரு ஜோடிச் சொல்லைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் பக்கமிருந்து பேசுகிறோம், எங்கே பேசுகிறோம், இந்தச் சொல்லை மாற்றிப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம். கீழே வரும் எல்லாவற்றையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

பாரோ, லெண்ட்?

பொருள் என்னிடம் வந்தால் பாரோ, என் கையை விட்டுப் போனால் லெண்ட். வங்கி லெண்ட் செய்கிறது, நாம் பாரோ செய்கிறோம். படிவத்தில் பாரோயர் என்ற இடத்தில் கடன் வாங்குகிறவர் பெயர் வரும். அவ்வளவுதான்.

டவுட் என்று சொன்னால் வெளிநாட்டுக்காரர்கள் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்?

"சார், ஒரு சந்தேகம்" என்பது நமக்கு மரியாதையான பேச்சு. அதை அப்படியே டவுட் ஆக்கி வெளிநாட்டு மேனேஜரிடம் சொன்னால், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று அவருக்குக் கேட்கும். தெரியாததைக் கேட்க கொஸ்டின் போதும். இந்தியாவுக்குள் பேசும்போது டவுட் எல்லோருக்கும் புரியும், அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஹோட்டல், ரெஸ்டாரண்ட், லாட்ஜ், மெஸ்: வெள்ளைக்காரர் ஹோட்டல் எங்கே என்று கேட்டால் எங்கே அனுப்புவது?

தங்குகிற இடத்துக்கு. புதுச்சேரியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கடையில் நிற்கிறவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி, பொங்கல், மதியச் சாப்பாடு. தங்க வேண்டுமென்றால் லாட்ஜ். வெளிநாட்டுக்காரருக்கு ஹோட்டல் என்றாலே அறை எடுத்துத் தங்குவது, சாப்பிட ரெஸ்டாரண்ட். அவர் ஊரில் லாட்ஜ் என்பது காட்டுப் பக்கமோ மலைப் பக்கமோ விடுமுறைக்குத் தங்குகிற வீடு. மெஸ் என்று சொன்னால் ராணுவ உணவுக்கூடம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் அலங்கோலம் என்று எடுத்துக்கொள்வார். அதனால் அவர்களிடம் பேசும்போது சாப்பிடுகிற இடத்தை ரெஸ்டாரண்ட் என்றே சொல்லுங்கள், பெரியதோ சின்னதோ பரவாயில்லை.

வீடு லீஸ், வீடு ரெண்ட்: இரண்டும் வேறுதானே?

நம் ஊரில் வேறு. வெளியே போனால் அப்படியில்லை. "வீடு லீஸுக்கு" என்று நாம் போர்டு மாட்டினால் அது போக்கியம்: மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இந்த அர்த்தத்தில் லீஸ் என்று லண்டனில் சொன்னால் யாருக்கும் புரியாது. அவர்களுக்கு லீஸ் என்பது இத்தனை மாதம், இத்தனை வருடம் என்று எழுதிக்கொள்கிற ஒப்பந்தம், அதற்கு மாதாமாதம் கொடுக்கிற பணம் ரெண்ட். ஆக, லீஸ் போட்டவரும் ரெண்ட் கட்டுவார். நம் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் லீஸ் என்றால் பணத்துக்கோ வேறு பயனுக்கோ அனுபவ உரிமையைத் தருவது. பணத்தைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வரும்வரை சொத்தை அனுபவிப்பது அதே சட்டத்தில் அடமானத்தின் ஒரு வகையாகத் தனியே இருக்கிறது.

பதினோரு மாத ஒப்பந்தம் என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அதற்குக் காரணம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வந்த வாடகைச் சட்டப்படி பதினோரு மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதுச்சேரியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது? பிரிட்டிஷ்காரர் ஹயர் என்பார், அமெரிக்கர் ரெண்ட் என்பார். இரண்டும் சரி. ஆளை வேலைக்கு எடுத்தால் மட்டும் எங்கேயும் ஹயர்தான்.

கேரண்டி, வாரண்டி: கடையில் ஒன்று சொல்கிறார்கள், அட்டையில் வேறு இருக்கிறது. எதை நம்புவது?

அட்டையை. கடைக்காரர் வாய் வார்த்தையாக "ரெண்டு வருஷம் கேரண்டி அண்ணா" என்பார், அட்டையைத் திருப்பினால் வாரண்டி என்று இருக்கும். பொது வழக்கில் கேரண்டி என்றால் பொருள் சரியில்லாவிட்டால் மாற்றித் தருவேன், இல்லையா, பணத்தைத் தருவேன் என்கிற முழு வாக்குறுதி. வாரண்டி என்றால் இந்தக் காலத்துக்குள் இந்தப் பழுது வந்தால் இதைச் செய்து தருவேன் என்று நிபந்தனையோடு எழுதித் தருவது. ஆனால் இந்தக் கோட்டை எல்லாக் கம்பெனியும் மதிப்பதில்லை. எனவே தலைப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்பதோடு நிற்காமல் கீழே சின்ன எழுத்தில் உள்ளதையும் படிக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி அட்டையை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பெரிதாக 36 மாதம் என்று இருக்கும். உள்ளே போனால் 18 பிளஸ் 18. முதல் 18 மாதம் பேட்டரி போனால் புது பேட்டரி இலவசம், அதாவது ஃப்ரீ ரீப்ளேஸ்மென்ட். அடுத்த 18 மாதம் ப்ரோரேட்டா. அந்தச் சொல்தான் கவனிக்க வேண்டியது. பயன்படுத்திய காலத்துக்கு ஏற்ப விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு புது பேட்டரி விற்பார்கள், மீதிப் பணத்தை நாம்தான் போட வேண்டும். இருபதாவது மாதத்தில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் "36 மாசம் கேரண்டின்னு சொன்னீங்களே" என்று சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோபம் நியாயமானதுதான். விற்கும்போது அந்த ஒரு சொல்லை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

சட்டத்தில் இந்த இரண்டு சொல்லும் இன்னும் தூரமாக நிற்கின்றன. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் கண்டிஷன், வாரண்டி என்று இரண்டு உண்டு. கண்டிஷன் மீறப்பட்டால் பொருளையே வேண்டாம் என்று திருப்பித் தரலாம், வாரண்டி மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். கேரண்டி என்பதோ 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் ஜாமீன். இன்னொருவர் கடனைக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பது.

அப்படியானால் கேரண்டர் என்று கையெழுத்துப் போடுவது சாட்சிக் கையெழுத்தா?

இல்லவே இல்லை. சாட்சி என்றால் விட்னஸ். இவர் என் கண்முன் கையெழுத்திட்டார் என்பதற்கு மேல் அவருக்குப் பொறுப்பு கிடையாது. கேரண்டரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவே சொல்கிறது, வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. தம்பிக்கு வண்டி லோன், மச்சானுக்குக் கடை லோன் என்று "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று கூப்பிட்டால், காகிதத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

நேட்டிவிட்டி, ரெசிடென்ஸ், டொமிசைல்: மூன்றும் "எந்த ஊர்" என்பதுதானே?

முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு என்பதால் இந்தக் கேள்வி நம் பக்கத்தில் ரொம்பவே முக்கியம். பண்ருட்டியில் பிறந்து வளர்ந்து, இப்போது அரியாங்குப்பத்தில் வீடு எடுத்துக் குடியிருக்கிற ஒருவரை வைத்துப் பார்ப்போம். அவருடைய சொந்த ஊர், பூர்வீகம் பண்ருட்டி: அது நேட்டிவ். இப்போது வசிப்பது அரியாங்குப்பம்: அது ரெசிடென்ஸ். டொமிசைல் என்பது, ஒருவர் நிரந்தரமாக எந்த நாட்டின் சட்டத்துக்குள் வாழ்கிறார் என்பது. அவருக்கு அது இந்தியா. தமிழ்நாட்டு டொமிசைல், புதுச்சேரி டொமிசைல் என்று தனித்தனியே கிடையாது, இந்திய டொமிசைல் ஒன்றுதான் என்று 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் முதுநிலை மருத்துவ இடங்கள் பற்றிய தீர்ப்பிலும் அதையே திரும்பச் சொன்னது.

ஆனாலும் சில மாநிலங்களின் படிவங்களில் டொமிசைல் சர்ட்டிஃபிகேட் என்று கேட்பார்கள். அங்கே அவர்கள் கேட்பது பெரும்பாலும் இத்தனை வருடம் இங்கே வசித்ததற்கான சான்று. படிவத்தில் விளக்கம் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்யுங்கள். ஒன்றுக்குப் பதில் ஒன்றை வாங்கிப் போய், கவுன்சிலிங் நாளில் திண்டாடுவது பெரிய வேதனை.

நேஷனாலிட்டி, சிட்டிசன்ஷிப்?

நடைமுறையில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றேதான். நம் அரசியல் சட்டமும் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் சிட்டிசன்ஷிப் என்கின்றன, பாஸ்போர்ட்டில் நேஷனாலிட்டி என்று இருக்கும். வித்தியாசம் இதுதான்: நேஷனாலிட்டி என்பது உலகத்தின் முன்னால் நான் எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்பது, சிட்டிசன்ஷிப் என்பது அந்த நாட்டுக்குள் எனக்கு என்னென்ன உரிமை என்பது. அமெரிக்கன் சமோவா தீவில் பிறக்கிறவர்கள் அமெரிக்க நேஷனல், ஆனால் பிறப்பால் சிட்டிசன் ஆவதில்லை.

புதுச்சேரியில் இது வெறும் பாடமாக இருந்துவிடவில்லை, குடும்பங்களின் கதையே இதில்தான் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் ஆட்சி பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அது டி ஃபாக்டோ, அதாவது நடைமுறையில். ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அது டி ஜூரே, சட்டப்படி. இந்த இரண்டு லத்தீன் சொல்லையும் கற்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் இங்கே பிறந்து இங்கேயே இருந்த பிரெஞ்சு நேஷனல்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டியே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்தா வீடுகள் என்று இன்றும் சொல்கிறோமே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகள், அவற்றில் பலவற்றில் அந்தத் தாள் எழுதிக் கொடுத்த தாத்தா ஒருவர் இருப்பார். ஒரே தெருவில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்று ஆனதும் உண்டு.

இதே வரிசையில் ஓசிஐ, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை. அதன் விரிவில் சிட்டிசன் என்ற சொல் இருப்பதால் இரட்டைக் குடியுரிமை என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓசிஐ அட்டை இருந்தால் விசா இல்லாமல் வரலாம், இருக்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

டிப்ரஷன் என்றால் மன அழுத்தம்தானே, வானிலையில் எப்படி வருகிறது?

அமுங்கியது, தாழ்ந்தது என்பதுதான் இந்தச் சொல்லின் அடிப்படை அர்த்தம். மனம் தாழ்ந்தாலும் காற்றழுத்தம் தாழ்ந்தாலும் அதே சொல். வங்கக் கடலில் முதலில் லோ பிரஷர், அதாவது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் டிப்ரஷன், தாழ்வு மண்டலம். 50-க்கு மேல் டீப் டிப்ரஷன். 62-ஐ எட்டினால்தான் சைக்ளோனிக் ஸ்டார்ம், அப்போதுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். 2011 டிசம்பர் 30-ல் நம்மைப் புரட்டிப் போட்ட தானேயும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சலும் இந்த ஏணியில்தான் ஏறி வந்தன.

ஹரிக்கேன், டைஃபூன் எல்லாம் வேறு ஜாதிப் புயல் என்று நினைக்க வேண்டாம். அட்லாண்டிக் பக்கம் ஹரிக்கேன், ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் டைஃபூன், நம் பக்கம் சைக்ளோன். பாட்டி வீட்டு அரிக்கேன் விளக்கில் இருப்பதும் அந்த ஹரிக்கேன்தான், காற்றுக்கு அணையாத விளக்கு.

வாட்ச், அலர்ட், வார்னிங்: எல்லாம் எச்சரிக்கைதானே?

தமிழ்ச் செய்தியில் எல்லாமே எச்சரிக்கை என்று வருவதால் இந்தக் குழப்பம். வானிலைத் துறை நிறத்தோடு சேர்த்துச் சொல்கிறது: மஞ்சள் வாட்ச், ஆரஞ்சு அலர்ட், சிவப்பு வார்னிங். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள்: தண்ணீர் பிடித்து வையுங்கள், போனில் சார்ஜ் ஏற்றுங்கள், கூரைத் தகரத்தைக் கட்டுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டிய நேரம். தாழ்வான தெருவில், கெடிலம், தென்பெண்ணை ஓரத்தில் இருப்பவர்கள் இந்த மூன்று சொல்லையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கரை என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

ஆற்றங்கரை பேங்க். கடற்கரை, பெரிய ஏரியின் கரை ஷோர். மணலாகக் கால் வைத்து நடக்க முடிந்தால் பீச், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மாதிரி. வரைபடத்தில் நீளமாகத் தெரிகிற கடலோரப் பகுதி முழுவதும் கோஸ்ட். வீராணம், பெருமாள் ஏரி, ஊசுட்டேரி போன்றவற்றின் மண்மேடு பண்ட், வெளிநாட்டுக்காரருக்கு எம்பேங்க்மென்ட் என்றால் புரியும். ஏரியையே நம் அரசுக் காகிதங்கள் டேங்க் என்கின்றன. வெளியூர்க்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் மொட்டை மாடித் தொட்டி என்று எடுத்துக்கொள்வார்.

போர்ட், ஹார்பர், பியர், பிரேக்வாட்டர், க்ராய்ன்?

கப்பலும் படகும் அலைக்கு ஒதுங்கி நிற்கிற இடம் ஹார்பர். சரக்கு ஏற்றி இறக்கி வரி வாங்கித் தொழில் நடக்கிற இடம் போர்ட். பெரிய கப்பல் கரையோரம் வர முடியாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சின்னப் படகில் சரக்கு கொண்டு வந்ததால் கடலூர் முதுநகர், வெளிக் கடலில் ஹார்பர் இல்லாமலே போர்ட்டாக இருந்தது. தேங்காய்த்திட்டில் இருப்பது ஃபிஷிங் ஹார்பர். தூண்கள் மேல் கடலுக்குள் நீண்டு, கீழே தண்ணீர் ஓட இடம்விட்டு நிற்பது பியர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் கடலில் மொட்டையாகத் தெரியும் தூண்கள் 1952 புயலில் போன பழைய பியரின் மிச்சம்.

பிரேக்வாட்டர் அலையைத் தடுத்து ஹார்பரைக் காக்கும். க்ராய்ன் கரையிலிருந்து கடலை நோக்கி நீண்டு மணலைப் பிடித்து வைக்கும், மீனவர் பேச்சில் தூண்டில் வளைவு. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதி மனு கொடுக்கிறார்கள், அது கூடாது. வேலை வேறானாலும், கரையிலிருந்து நீட்டிக் கட்டினால் இரண்டுமே ஒரு பக்கம் மணலைச் சேர்த்து இன்னொரு பக்கம் கரையை அரிக்க விடக்கூடும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் கட்டிய பிரேக்வாட்டர்களுக்குப் பிறகுதான் அதற்கு வடக்கே புதுச்சேரி மணற்கரை கரைந்து கருங்கல் மட்டும் நின்றது. என்ன வேண்டும் என்று கேட்கிறவர் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பது ஒரு குப்பத்தின் வாழ்வு சம்பந்தப்பட்டது.

பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தனிக் குழப்பம் உண்டா?

உண்டு, எழுத்து ஒன்றாகவோ ஒன்றுபோலவோ இருந்து பொருள் மாறுகிற சொற்கள். பிரெஞ்சில் சென்சிபிள் என்று எழுதியிருந்தால் எளிதில் மனம் நோகிறவர், ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கு விவேகமுள்ளவர் என்று பொருள், மனம் நோகிறவர் சென்சிடிவ். பிரெஞ்சில் லிப்ரெரி புத்தகக் கடை, நூலகம் வேண்டுமென்றால் பிப்லியோதேக். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் அந்த வகை. கடை வாசலில் பிரெஞ்சில் லொகேஷன் என்று எழுதியிருந்தால் அங்கே வாடகைக்கு ஏதோ கிடைக்கும்.

ஆமைக்கு டர்டிலா டார்டாய்ஸா?

கடலில் இருப்பது டர்டில், தரையில் திரிவது டார்டாய்ஸ். வருடத் தொடக்கத்தில் நம் கரையில் முட்டையிட ஏறுகிற ஆலிவ் ரிட்லி டர்டில்.

இறாலுக்கு ப்ரானா ஷ்ரிம்ப்பா?

விலங்கியலில் இரண்டு தனித் தொகுதி உண்டு, ஆனால் சந்தையில் அந்தப் பிரிவை யாரும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் நாமும் ப்ரான் என்போம், அமெரிக்கர் எல்லாவற்றையும் ஷ்ரிம்ப் என்பார். ஏற்றுமதிக் காகிதங்களிலும் பெரும்பாலும் ஷ்ரிம்ப்தான். வெள்ளாற்றுப் பக்கம் வன்னாமி வளர்க்கிறவர்களிடம் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வாங்குகிறவர் எந்தச் சொல்லை எழுதினாரோ அதையே பதிலிலும் எழுதுங்கள், கூடவே கவுன்ட், அதாவது எண்ணிக்கை, கிலோவுக்கா பவுண்டுக்கா என்று கேளுங்கள். பண்ணையில் 50 கவுன்ட் என்றால் ஒரு கிலோவுக்கு 50 இறால். அமெரிக்காவுக்குப் போகிற பெட்டியில் கவுன்ட் ஒரு பவுண்டுக்கு. அவர்கள் 30 என்றால் நம் கணக்கில் கிலோவுக்கு சுமார் 66, அளவும் விலையும் மொத்தமாக மாறிவிடும்.